பையில் எப்போதும் ஒரு பேனாக்கத்தி

வணக்கம் மக்களே. காற்று கொஞ்சம் பலமாக அடிக்கிறது, மைக்கைத் துப்பட்டாவுக்குள் செருகியிருக்கிறேன், குரல் கேட்கும் என்று நினைக்கிறேன். இப்போது ஏற்காட்டில், ஏரியைத் தாண்டி லேடீஸ் சீட் போகிற சாலையில் ஒரு கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருக்கிறேன். காலையில் சேலத்தில் ஏறிய பஸ் 20 கொண்டை ஊசி வளைவையும் சுற்றி இங்கே இறக்கிவிட்டது. இன்றைக்கு ஊர் சுற்றிக் காட்டப் போவதில்லை. போன வீடியோவில் ஒரு பார்சலைப் பிரித்தேன் இல்லையா, அப்போது கையில் இருந்த குட்டிக் கத்தி என்ன, அதை எதற்குப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறீர்கள் என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், அதனால் கொஞ்சம் நீளும்.

முதலில் இன்று காலை நடந்ததைச் சொல்கிறேன். பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு ஆயா. காலடியில் ஒரு சணல் பை, வாயை நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார். மாத்திரை உள்ளே இருக்கிறது, எட்டு மணிக்குப் போட வேண்டியது, மறந்துபோய் அதையும் சேர்த்துக் கட்டிவிட்டார். நகத்தால் நெம்பிப் பார்த்தார், பல்லால் கடித்துப் பார்த்தார், முடிச்சு இளகவில்லை. நான் பேனாக்கத்தியை விரித்து, பிடிப்பக்கமாக நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "சீட்டு மேல வெய்யி கண்ணு, இரும்பக் கைக்குக் கை வாங்கக் கூடாது" என்றார். வைத்தேன். எடுத்து, கயிறு வீணாகாதபடி முடிச்சை ஒட்டி ஒரே இழுப்பு. பிறகு துடைத்து, மடக்கி, அவரும் அதே மாதிரி சீட்டின் மேல் வைத்தார். அரை நிமிஷ வேலை. அந்த அரை நிமிஷத்துக்காகத்தான் இதைச் சுமக்கிறேன்.

ஒரு நாளில் இந்த மாதிரி எத்தனை அரை நிமிஷங்கள் வருகின்றன என்று கத்தி கையில் இருக்கும்போதுதான் தெரிகிறது. அரிசி மூட்டையின் தையல் நூல், பார்சல் டேப், மல்லிகைச் சரத்தை முழம் போட்டு நறுக்குவது, புதுச் சட்டையில் தொங்குகிற விலைச்சீட்டு, பாதி மாத்திரை, வாழைத்தாரிலிருந்து ஒரு சீப்பு, இலையின் நுனி கிழிந்திருந்தால் அதைச் சீராக்குவது. இதற்கெல்லாம் சாவியை வைத்துக் குத்துகிறோம், பல்லை வைத்து இழுக்கிறோம், சாவி வளைகிறது, பல் வலிக்கிறது. அதிலும் கவனித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் பக்கத்தில் இருப்பவர்களுடைய வேலைதான்.

இப்போது கிட்டத்தில் காட்டுகிறேன், ஃபோகஸ் ஆகட்டும். இதோ. இது என் அப்பாவுடையது. என் நடுவிரல் நீளம்தான். மாட்டுக்கொம்புப் பிடி, இரண்டு பித்தளை ஆணி, பிடியின் ஓரம் கைபட்டுக் கைபட்டுக் கண்ணாடி மாதிரி ஆகியிருக்கிறது. அலகின் முதுகோரம் நகம் வைத்து இழுக்க ஒரு சின்னப் பள்ளம் தெரிகிறதா? வாங்கும்போது அலகு இன்னும் அகலமாக இருந்ததாம். தீட்டித் தீட்டி இப்போது வேப்பிலை அளவுக்கு வந்துவிட்டது. நிறத்தைப் பாருங்கள், ஈயச் சொம்பு மாதிரி இருக்கிறது, அது துரு இல்லை. இது கார்பன் இரும்பு, ஆரஞ்சு, மாங்காய் என்று புளிப்புப் பட்டுப்பட்டு மேலே இப்படி ஒரு படலம் படிந்திருக்கிறது. இதைத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள், இதற்குமேல் செந்துரு பிடிப்பதைக் கொஞ்சம் தடுப்பதே இந்தப் படலம்தான். இப்போது மடக்குகிறேன், சத்தத்தைக் கேளுங்கள்... டக். உள்ளே முதுகில் ஒரு பட்டை ஸ்பிரிங் இருக்கிறது, அதன் சத்தம்.

அப்பா இதே மலையில் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தார். எஸ்டேட்டில் ரைட்டர் என்றால் காலையில் பேர் போட்டு, செக்ரோல் என்கிற வருகைப் பதிவேடு எழுதி, கூலிக் கணக்குப் பார்ப்பவர். மார்கழியில் பழம் எடுக்கிற சமயம் பனியில் காகிதமே நமுத்துப்போகும், மைப்பேனா எழுத்து ஊறிப் பரவிவிடும், அதனால் பென்சில்தான். திருகுகிற ஷார்ப்பனர் அவருக்குப் பிடிக்காது, பென்சில் முனையை உடைத்துவிடும் என்பார். கத்தியால் நாலு சீவு, ஒரு திருப்பு, மறுபடி நாலு சீவு, நீளமாக ஊசி மாதிரி கூர் வரும். சீவின துருவல் காப்பிச் செடியின் அடியிலேயே விழும். எனக்குப் பத்து வயதிருக்கும்போது அதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன், சாப்பிடக் கூப்பிட்டாலும் போக மாட்டேன்.

பெயரைக் கவனியுங்கள், பேனாக்கத்தி. இறகுப் பேனா காலத்தில் இறகின் முனையைச் சீவிக் கூராக்கத்தான் இந்தச் சின்னக் கத்தி வந்தது. இறகு போய்விட்டது, நாம் இன்னும் பேனாக்கத்தி என்றுதான் சொல்கிறோம். நம் ஊரில் அதற்கும் முன்னால் ஓலை. வாரெழுத்தாணி என்று ஒன்று உண்டு, ஒரு முனையில் எழுதுகிற கூர், மறுமுனையில் ஏட்டை வாருவதற்குக் கத்தி. மடக்கெழுத்தாணி என்றும் ஒன்று இருந்தது, இதே மாதிரி பிடிக்குள் மடங்கிக்கொள்ளும். கணக்கு எழுதுகிறவர் மடியில் இருந்த பொருள்தான் அப்பா சட்டைப் பைக்கு வந்து, அங்கிருந்து என் கைப்பைக்கு வந்திருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், கத்தி என்ற சொல்லைக் கேட்டாலே நம் ஆட்களுக்கு முகம் மாறுகிறது. செய்தியில் வருகிற கத்தி மட்டும்தான் கத்தி என்பது போல. ஒரு பெண் பையில் கத்தி வைத்திருந்தால் தற்காப்புக்கா என்று உடனே கேட்கிறார்கள். இல்லை. இந்த வேப்பிலையை வைத்துக்கொண்டு யாரையும் தடுக்க முடியாது, அந்த எண்ணத்தோடு ஒருவர் இதை வாங்கக் கூடாது. சுவிஸ் ராணுவக் கத்தி என்று ஊருக்கே தெரிந்த அந்தச் சிவப்புக் கத்தியைக்கூட எடுத்துக்கொள்ளுங்கள். சிப்பாய்களுக்கு அது எதற்காக வந்தது? தகர டப்பா உணவைத் திறக்கவும், அந்தக் காலத்துத் துப்பாக்கியின் திருகாணியைக் கழற்றவும். 1891-ல் கார்ல் எல்சனர் அந்தக் கத்தியைச் சுவிஸ் ராணுவத்துக்குக் கொடுக்க ஆரம்பித்தார். 1897-ல் அதைவிட எடை குறைந்த ஆஃபீசர் கத்தியைக் கொண்டுவந்தார், அதில் ஒரே ஸ்பிரிங் இரண்டு பக்கக் கருவிகளையும் தாங்கும். தன் அம்மா விக்டோரியாவின் பெயரைக் கம்பெனிக்கு வைத்தார், பிறகு துருப்பிடிக்காத எஃகு வந்ததும் 1921-ல் அதோடு அந்த எஃகைக் குறிக்கிற ஐனாக்ஸ் என்ற சொல்லைச் சேர்த்தார்கள், அப்படித்தான் விக்டோரினாக்ஸ்.

அதில் கிளாசிக் என்ற ரகத்தைத்தான் புதிதாக வாங்குகிற எல்லோருக்கும் சொல்வேன். மடக்கினால் 58 மில்லிமீட்டர், எடை 21 கிராம், சாவிக்கொத்தில் தொங்குவதே தெரியாது. கத்தரிக்கோல், நகம் ராவுகிற அரம், முள் எடுக்கச் சின்ன இடுக்கி. முள் எடுக்கிற அந்த இடுக்கி ஒன்றுக்காகவே வாங்கலாம். பெரிய கத்தி வாங்கினால் பெரிய வேலை நடக்கும் என்று நினைத்து வாங்குகிறார்கள், அது கனமாக இருக்கிறதென்று நாலாம் நாள் மேஜை டிராயருக்குள் போய்விடுகிறது.

என்னிடம் இன்னொன்று, இது ஓப்பினல். பிரான்சில் சவாய் மலைப் பக்கத்துக் கத்தி, ஜோசஃப் ஓப்பினல் 1890-ல் செய்ய ஆரம்பித்தார், பீச் மரப் பிடி. விரித்தபின் இந்த வளையத்தைத் திருப்பினால் அலகு மடங்காது, அந்தப் பூட்டு 1955-ல் வந்தது. எவ்வளவு எளிமையாக இருக்கிறது பாருங்கள். ஆனால் ஏற்காட்டுப் பனிக்கு இது கொஞ்சம் அடம் பிடிக்கும். மரம் ஈரத்தைக் குடித்து உப்பி, அலகைக் கவ்விக்கொள்ளும், நகம் பிய்ந்தாலும் வெளியே வராது. அப்போது பிடியின் அடியை இப்படிக் கல்லில் ஒரு தட்டு... வந்துவிட்டது பார்த்தீர்களா, அலகு கொஞ்சம் தலைநீட்டியிருக்கிறது. வீட்டுக்குப் போய் நன்றாகக் காயவைத்து, மர இடுக்கில் சொட்டு எண்ணெய் விட்டால் போதும்.

பூட்டு ஏன் முக்கியம் என்பதற்கு என் ஆள்காட்டி விரல் சாட்சி. இந்தத் தழும்பு கல்லூரிக் காலத்தது. ரோட்டோரம் மலிவாகக் கிடைத்ததென்று ஒரு மடக்குக் கத்தி வாங்கி, பெல்ட்டில் ஓட்டை போட முனையால் குத்தினேன். ஸ்பிரிங் தளர்ந்த கத்தி, படீரென்று விரல் மேலேயே மடங்கியது. மூன்று தையல். பூட்டு இல்லாத கத்தியால் அறுக்கலாம், சீவலாம், குத்தவே கூடாது. அறுக்கும்போதும் உங்களை விட்டு வெளியே போகிற மாதிரி அறுங்கள், மடக்கும்போது விரல் வழியில் இருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள்.

எஃகு பற்றி ஒரு விஷயம், சேலத்துக்காரர்களுக்கு இது பிடிக்கும். கஞ்சமலைப் பக்கம் நம் இரும்பாலையில் இருந்து வருவது ஸ்டெயின்லெஸ், வீட்டு டம்ளர், தட்டும் ஸ்டெயின்லெஸ், அப்புறம் அதே தகட்டில் ஒரு கத்தி செய்தால் என்ன என்று சின்ன வயதில் அப்பாவைக் கேட்டிருக்கிறேன். கூர் நிற்காது. பாத்திரத்துக்குப் பெயர்போன 304 ரகத்தில் 18 சதவீதம் அளவுக்குக் குரோமியம், 8 சதவீதம் அளவுக்கு நிக்கல், கார்பன் மிகக் குறைவு, அதைக் காய்ச்சித் தோய்ச்சல் போட்டாலும் இறுகாது. கத்திக்கான ஸ்டெயின்லெஸில் கார்பன் கூடுதல், காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்தால் இறுகிவிடும், அதனால்தான் கூர் நிற்கிறது. வீட்டில் காந்தம் இருந்தால் வைத்துப் பாருங்கள், கத்தியில் கப்பென்று ஒட்டும், 304 டம்ளரில் அப்படி ஒட்டாது.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டவர்களுக்கு. ஆயுதச் சட்டம் 1959, அதன்கீழ் 2016 விதிகள். அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ இருந்தால்தான் அந்தப் பட்டியலுக்குள் வரும், அதிலும் வீட்டு உபயோகம், விவசாயம், தொழில் இவற்றுக்கான கத்திகளுக்கு விலக்கு உண்டு. என்னுடையது இரண்டு அங்குலம்கூட இல்லை. ஆனால் விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக முடியாது. ஒருமுறை வேறொரு கத்தியை மறந்துபோய்க் கொண்டுபோய், சோதனையில் எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டார்கள், ஐந்து வருஷம் கூடவே இருந்த கத்தி, அன்றைக்கு முழுக்க மனசே சரியில்லை. கோர்ட், பரீட்சை ஹால் போகிற நாளிலும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். ஊர்த் திருவிழாக் கூட்டத்திலும் எடுத்து நீட்டிக்கொண்டு நிற்க வேண்டாம், பார்க்கிறவர்களுக்கு அது எத்தனை அங்குலம் என்று தெரியாது.

கூர் பிடிப்பதுதான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்த வேலை. சைக்கிளில் சாணை பிடிக்கிறவர் வந்தால் அரிவாளைக் கொடுங்கள், அருவாமனையைக் கொடுங்கள், இந்தக் குட்டியைக் கொடுக்காதீர்கள். அந்தச் சக்கரம் ஒரே தடவையில் இரண்டு வருஷத்து இரும்பைத் தின்றுவிடும். பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் பளபளப்பு இல்லாமல் ஒரு சொரசொர வளையம் இருக்கும், அது போதும். அலகின் முதுகுக்கும் வளையத்துக்கும் நடுவில் இரண்டு ஒரு ரூபாய் நாணயம் நுழைகிற இடைவெளி. அந்த நாணயத்துக்கான வில்லை நம் இரும்பாலையிலும் வெட்டுகிறார்கள் என்பது கூடுதல் செய்தி. அழுத்தாமல், வெண்ணெய் வழிக்கிற மாதிரி, இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து. கடைசியில் பழைய பேப்பரின் ஓரத்தை அறுத்துப் பாருங்கள். பிசிறில்லாமல் சர்ரென்று இறங்கினால் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் காப்பி குடித்துவிட்டு அந்தக் கோப்பையிலேயே இதைச் செய்வேன், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சத்தத்தைக் கேட்டே கோணம் சரியில்லை என்பார். இப்போது அவருக்குப் பார்வை மங்கல், காது தெளிவு.

சரி, ஒரு கொய்யா வாங்கி வைத்திருந்தேன், அதை நறுக்கிக் காட்டிவிட்டு முடிக்கிறேன். பாருங்கள், அலகு மெல்லிசாக இருப்பதால் பழம் பிளக்காமல் துண்டு துண்டாக வருகிறது. உப்பு மிளகாய்த்தூள் கொய்யா விற்ற அக்கா கடையிலேயே தடவிக் கொடுத்தார்... இருங்கள், அவரே கூப்பிடுகிறார். என்னங்க அக்கா? கூடையைக் கட்டின கயிறா? இதோ வருகிறேன். கேமராவை இப்படியே சுவரில் வைக்கிறேன் மக்களே.

இந்தாங்க அக்கா. சரி சரி, தட்டு மேலேயே வைக்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள்.