செங்கல் குடித்த தண்ணீர்: நியாம்கிரி கதை

[காட்சி: பக்கெட் நிறையத் தண்ணீர். பக்கத்தில் ஒரு காய்ந்த செங்கல்.]

இந்தச் செங்கல்லைத் தண்ணீரில் போடுங்கள். குபுகுபுவென்று குமிழி வருகிறதா? சுவர் கட்டும் முன் கொத்தனார் இப்படித்தான் ஊற வைப்பார். கொஞ்ச நேரம் கழித்து எடுத்துத் திண்ணையில் வைத்தால், அடியில் ஈரம் கசிந்துகொண்டே இருக்கும். சரி, அது கசியட்டும். நாம் ஒடிசாவுக்குப் போய் வருவோம்.

[காட்சி: வரைபடத்தில் ராயகடா, காலாஹண்டி மாவட்டங்கள்.]

நியாம்கிரி மலையின் உச்சி தட்டையானது, பெரும்பாலும் புல்வெளி. சரிவில் இறங்கினால்தான் அடர்ந்த காடு. அந்தப் புல்லுக்கு அடியில் சுமார் 7 கோடி டன் பாக்சைட் கிடக்கிறது. அலுமினியம் இதிலிருந்துதான் வருகிறது. செங்கல் மாதிரியே செந்நிறம், உள்ளே பொடிப்பொடித் துளைகள். மழைக்காலம் முழுக்கக் குடிக்கும். அப்புறம் சரிவுகளில் ஊற்றாக, மெல்ல மெல்ல விடும். கோடையிலும் ஓடைகள் ஓடுவது இதனால்தான். வம்சதாரா ஆறும் இந்த மலைப்பகுதியில்தான் பிறக்கிறது.

பாக்சைட்டுக்குக் கீழே இருக்கும் பாறையின் பெயர் கோண்டலைட். இங்கே வாழும் கோண்ட் மக்களின் பெயரைத்தான் புவியியலாளர்கள் அதற்கு வைத்தார்கள்.

[காட்சி: சரிவில் அன்னாசி, மஞ்சள், இஞ்சித் தோட்டங்கள்.]

அந்த மக்களில் ஒரு பிரிவு டோங்ரியா கோண்ட். சில ஆயிரம் பேர்தான். தங்களை ‘ஜர்னியா’ என்று சொல்லிக்கொள்வார்கள்: ஓடைகளைக் காப்பவர்கள். உச்சி அவர்களுடைய தெய்வமான நியம ராஜாவின் இடம், அங்கே மரம் வெட்டக் கூடாது. வெளியே பலர் இதை வெறும் சாமி விவகாரமாகப் பார்த்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊருக்கே தண்ணீர் தரும் இடத்தில் கை வைக்காதே என்பதைச் சாமி பெயரில் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

அந்த உச்சியில்தான் சுரங்கம் அமைக்கத் திட்டம் வந்தது. பாக்சைட்டைக் குடைந்து எடுக்க மாட்டார்கள். மேலிருந்து சீவி எடுப்பார்கள். அதாவது செங்கல்லே போய்விடும். சுரங்க அனுமதி கைக்கு வருவதற்குள், அடிவாரத்தில் லாஞ்சிகர் என்ற ஊரில் வேதாந்தா நிறுவனத்தின் ஆலை எழுந்து நின்றது. பாக்சைட்டிலிருந்து அலுமினியத்துக்கான மூலப்பொருளான அலுமினாவை எடுக்கும் ஆலை. அரிசி இல்லாமல் உலை வைத்த கதை.

2010-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதி மறுத்தது. ஒடிசா அரசின் சுரங்கக் கழகம் உச்ச நீதிமன்றம் போனது. 2013 ஏப்ரல் 18 அன்று தீர்ப்பு: கிராம சபைகள் கூடி முடிவு சொல்லட்டும். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது.

மலையில் நூற்றுக்கும் மேல் ஊர்கள் இருக்க, மாநில அரசு தேர்ந்தெடுத்தது 12 மட்டும். ஜூலையில் தொடங்கி, மழைக்கு நடுவே, நீதிபதி முன்னிலையில் ஒவ்வொரு ஊராகக் கூடினார்கள். வேண்டாம். அடுத்த ஊர், வேண்டாம். ஆகஸ்ட் 19, கடைசி ஊர் ஜராபா. அங்கேயும் வேண்டாம். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு!

2014 ஜனவரியில் அமைச்சகம் திட்டத்தை நிராகரித்தது. 2016-இல் சுரங்கக் கழகம் மறுபடி கேட்டுப் பார்த்தது, உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆலை இன்றும் ஓடுகிறது, வேறு இடத்துக் கல்லை வைத்து.

அதே இரண்டு மாவட்டங்களில் சிஜிமாலி என்று இன்னொரு மலை. 2023-இல் அதன் பாக்சைட் ஏலம் போனது. அங்கேயும் ஊற்றுகள் உண்டு. ஊர்க்காரர்கள் எதிர்த்து நிற்கிறார்கள்.

[காட்சி: திண்ணையில் வைத்த செங்கல். அடியில் ஈர வட்டம் இன்னும் காயவில்லை.]