அலை வருவதற்கு முந்தைய இரண்டு மணி நேரம்

வணக்கம் நேயர்களே. பேரழிவுப் படங்கள் எனக்குப் பிடிக்கும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நகரம் இரண்டாகப் பிளக்க வேண்டும், பாலம் முறிய வேண்டும், கதாநாயகனின் கார் மட்டும் மயிரிழையில் தப்பிக்க வேண்டும். இதையெல்லாம் குளிரூட்டிய அரங்கில் பாப்கார்னோடு உட்கார்ந்து பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது. யாரும் நிஜமாகச் சாகவில்லை, அப்புறம் என்ன.

என் குறை வேறு. ஆபத்து பார்க்க எப்படி இருக்கும் என்பதையே இந்தப் படங்கள் தப்பாகச் சொல்லிக் கொடுக்கின்றன. திரையில் சுனாமி என்றால் நாற்பது மாடி உயரத்துக்கு நீர்ச்சுவர். நிஜச் சுனாமி ஆழ்கடலில் பெரும்பாலும் ஒரு மீட்டர்கூட உயராது, மணிக்கு 700, 800 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும், மேலே கப்பலில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. கரைக்கு வந்த பிறகும் பல இடங்களில் அது சுருண்டு விழுவதில்லை. கடலே ஏறி, ஏறி, நிற்காமல் ஊருக்குள் வருகிறது, படகு, கதவு, தகரம், மரம் என்று எல்லாவற்றையும் வாரிக்கொண்டு.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ரா அருகே கடலடியில் பூமி அதிர்ந்தபோது இந்தியாவில் காலை ஆறரை மணி. நாகப்பட்டினத்தை அலை தொட்டது இரண்டு மணி நேரத்துக்கும் மேல் கழித்து. இங்கே சிங்கப்பூரில் நம்மில் பலருக்குச் சொந்த ஊரே அந்தப் பக்கம்தான். வெயில் அடித்தது, கடற்கரையில் ஆட்கள் இருந்தார்கள், வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸுக்கு வந்த கூட்டம் இருந்தது. இந்தியப் பெருங்கடலுக்கு அன்று எச்சரிக்கை அமைப்பே கிடையாது. எந்த இயக்குநரும் படத்தொகுப்பில் வெட்டி எறிந்துவிடும் இரண்டு மணி நேரம் அது, ஏனென்றால் பார்க்க அதில் எதுவுமே நடக்கவில்லை. ஆனால் மக்களைக் காப்பாற்றியிருக்கக்கூடிய நேரம் அது ஒன்றுதான். அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போய்விட்டார்கள்.

அதே நாள், நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் சிமெலுவே என்றொரு தீவு. அவர்களுக்குக் கிடைத்தது சில நிமிடங்கள்தான். 1907-இல் அங்கே வந்த பேரலையைத் தாத்தா பாட்டிகள் தாலாட்டிலும் கதையிலும் வைத்துச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார்கள்: நிலம் பலமாக ஆடினால், கடல் உள்வாங்கினால், மீன் பொறுக்க நிற்காதே, மலைக்கு ஓடு. ஓடினார்கள். 70,000 பேருக்கு மேல் வாழ்ந்த தீவில் இறந்தவர்கள் 7 பேர். கதை கேட்பதால் ஒன்றும் ஆகாது என்று இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம், எந்த இடத்தில் பயப்பட வேண்டும் என்று அந்தக் கதைக்குத் தெரிந்திருந்தது.

சரி, நாம்? சுமத்ராவும் மலேசியத் தீபகற்பமும் மறைத்து நிற்பதால் சிங்கப்பூருக்கு அன்று அலை வரவில்லை. ஆட்டம் மட்டும் அவ்வப்போது வரும். 2009 செப்டம்பர் 30 அன்று சுமத்ராவின் பாடாங் நகருக்கு அருகே 7.6 அளவில் நிலநடுக்கம் வந்தபோது, நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் இங்கே உயரமான கட்டடங்கள் அசைந்தன; மென்களிமண் மேல் நிற்கும் இடங்களில் அசைவு கூடுதலாகவே தெரியும். படத்தில் பார்த்துப் பழகியதால் நமக்கு உடனே ஓடத்தான் தோன்றுகிறது. ஆட்டம் நிற்கும்வரை மேசைக்கு அடியில் புகுந்துகொள்ள வேண்டும், கண்ணாடிச் சன்னல் பக்கம் போகக் கூடாது, மின்தூக்கியில் ஏறவே கூடாது. திரையில் இதை எடுத்தால் மேசைக்கு அடியில் ஒரு மனிதர், அவ்வளவுதான், டிக்கெட் விற்காது.

பிப்ரவரி 15, செப்டம்பர் 15 தேதிகளில் குடிமைத் தற்காப்புப் படை ஒலிக்கும் சங்கை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். பாதிப் பேர் ஜன்னலை மூடிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள் என்பது என் சந்தேகம். முக்கியத் தகவல் இருக்கிறது, உடனே வானொலியையோ தொலைக்காட்சியையோ போட்டுக் கேளுங்கள் என்பதற்கான சமிக்ஞை அது. வானொலி நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு இதை நான் சொல்வது விளம்பரம் மாதிரி இருக்கிறது, என்ன செய்ய, விதிமுறை அப்படித்தான்.