வெட்டிய சிறகும் காலில்லாப் பறவையும்

[திரையில்: ஒற்றைச் சிறகு, திரை முழுவதும்]

முழுப் பறவை இல்லை. ஒரு பறவையிடமிருந்து வெட்டி எடுத்த சிறகு மட்டும். வரைந்தவர் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரத்து ஆல்பிரெக்ட் டியூரர். ஓவியத்தில் 1512 என்று இருக்கிறது. 1500-ஐ ஒட்டியே வரைந்திருப்பார் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. இப்போது வியன்னாவின் ஆல்பர்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீளம், அகலம் இரண்டும் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர்தான்.

[திரையில்: வெட்டுப்பட்ட முனை, மிக அருகில்]

இந்த ஓரத்தைக் கவனியுங்கள். உடலிலிருந்து பிய்ந்த இடத்தில் சதை சிவந்து தெரிகிறது. இரண்டு இறகுகளை இழுத்துவிட்டு இதை மூடியிருக்கலாம். டியூரர் மூடவில்லை.

வரைந்தது காகிதத்தில் அல்ல, பதப்படுத்திய தோலில். அடியில் நீர்வண்ணம், அதன்மேல் கெட்டியான வண்ணத்தில் மயிரிழைக் கோடுகள்.

பறவை, ஐரோப்பியப் பனங்காடை. நம் ஊர் மின்கம்பியில் உட்கார்ந்திருக்குமே பனங்காடை, அதற்கு நெருங்கிய சொந்தம். வேடிக்கை என்னவென்றால், இந்த இறகில் நீலச் சாயமே கிடையாது. இறகிழைகளுக்குள் இருக்கும் நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால்தான் நீலம் தெரிகிறது. இறகை அரைத்துப் பொடியாக்கினால் நீலம் போய்விடும். பறவையிடம் இல்லாத சாயத்தைக் கிண்ணத்தில் குழைத்துத்தான் டியூரர் அந்த நீலத்தைப் பிடித்தார்.

[திரையில்: தட்டாம்பூச்சி ஓவியம்]

அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட்வெர்ப்பைச் சேர்ந்த யோரிஸ் ஹூஃப்நாகல், நிலம், நீர், காற்று, நெருப்பு என்னும் நான்கு பூதங்களின் பெயரில் உயிரினங்களின் நுண்ணோவியத் தொகுப்புகள் செய்தார். பறவைகளுக்குக் காற்று, பூச்சிகளுக்கு நெருப்பு. தட்டாம்பூச்சியை வரைந்தவர், அதன் சிறகுக்கு வந்ததும் தூரிகையை வைத்துவிட்டு நிஜச் சிறகையே எடுத்து ஒட்டினார். சிலர் இதை வித்தை என்பார்கள். எனக்கு இது தோல்வியை ஒப்புக்கொண்டதாகவே படுகிறது.

[திரையில்: சொர்க்கப் பறவை, மரச்செதுக்கு அச்சு]

மேசைக்கு வந்து சேர்ந்த உடலை உள்ளபடி வரைவதில் ஓர் ஆபத்தும் இருந்தது. 1522-இல் மகெல்லனின் பயணக் கப்பல்களில் ஒன்றான விக்டோரியா, இன்றைய இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளிலிருந்து சொர்க்கப் பறவைகளின் தோல்களை ஸ்பெயினுக்குக் கொண்டுவந்தது. அந்தப் பக்கத்து மக்கள் தோலைப் பதப்படுத்தும்போது கால்களை வெட்டிவிடுவது வழக்கம். ஐரோப்பியர்களோ இந்தப் பறவைக்குக் காலே இல்லை, தரையிறங்காமல் பறந்துகொண்டே பனித்துளி குடித்து வாழ்கிறது என்று நம்பினார்கள். சூரிச்சின் கொன்ராட் கெஸ்னர் 1555-இல் வெளியிட்ட பறவை நூலிலும் காலில்லாத படம்தான்.

இத்தனைக்கும் அந்தக் கப்பலிலேயே வந்த, பயணத்தைக் குறிப்பெடுத்த இத்தாலியர் பிகாஃபெட்டா, அதற்கு எழுதுகோல் போல மெல்லிய கால்கள் உண்டு என்று எழுதி வைத்திருந்தார். படம் கண்முன் இருக்கும்போது எழுத்தை யார் தேடினார்கள்?

கால்கள் உண்டு என்பது தெரிந்து நெடுங்காலம் ஆன பிறகு, 1758-இல் சுவீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் அந்தப் பறவைக்கு அறிவியல் பெயர் சூட்டினார்: பாரடைசியா அபோடா. அபோடா என்றால் காலில்லாதது. பெயர் இன்றும் அதுதான்.

[திரையில்: கிளையை இறுகப் பற்றிய இரண்டு கால்கள்]