கேட்காமல் வரும் காகிதம்

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

இந்தப் பையை நான் காரணத்தோடுதான் மேடைக்குத் தூக்கி வந்திருக்கிறேன். போன மாதம் முதல் தேதியிலிருந்து கடைசித் தேதி வரை எங்கள் வீட்டுத் தபால் பெட்டியில் விழுந்தது, கேட் கம்பியில் செருகியிருந்தது, செய்தித்தாளுக்குள்ளிருந்து நழுவியது, வண்டி வைப்பரில் மாட்டியிருந்தது எல்லாவற்றையும் எறியாமல் இதில் போட்டு வந்தேன். நேற்று ராத்திரி ஹாலில் பரப்பி உட்கார்ந்து எண்ணினேன். மொத்தம் 116. அதில் எனக்கென்று ஒருவர் எழுதி அனுப்பியது நான்கே நான்கு. மிச்சம் 112 தாளும் நான் கேட்காத விளம்பரங்கள்.

அந்த நான்கில் ஒன்று, மருத்துவப் பரிசோதனைக்கு வரச் சொல்லி வந்த கடிதம். மூன்றாக மடித்த ஒரு சோபா விளம்பரத்தின் நடுவில் போய்ச் சிக்கியிருந்தது. எண்ணுவதற்காக ஒவ்வொன்றாகப் பிரித்ததால்தான் கண்ணில் பட்டது. தேதியைப் பார்த்தேன். போன வாரமே கடந்துவிட்டது.

"பிடிக்கவில்லை என்றால் தூக்கிப் போட வேண்டியதுதானே, இதற்கு ஒரு சொற்பொழிவா?" என்று சிலர் கேட்பார்கள். தூக்கிப் போடுவது யார் வேலை? என் வேலை. பிரிப்பது, பார்ப்பது, கிழிப்பது, குப்பைக்குக் கொண்டுபோவது எல்லாமே என் வேலை. இந்த வேலையை எனக்குக் கொடுத்தது யார்? நான் யாரிடமும் கேட்கவில்லை. இன்று நான் பேச வந்தது இந்த ஒரு விஷயத்தைத்தான். வேண்டாம் என்று சொல்லும் பொறுப்பை வீட்டுக்காரர் தலையில் கட்டியிருக்கிறார்கள். வேண்டுமா என்று கேட்கும் பொறுப்பு அனுப்புகிறவருக்கு வர வேண்டும்.

இந்தத் தொந்தரவு நேற்று முளைத்ததில்லை. 1864 மே மாதம், லண்டனில் ஒரு நாள் இருட்டிய பிறகு சில அரசியல்வாதிகளின் வீட்டுக்குத் தந்தி வந்தது. அந்தக் காலத்தில் நேரங்கெட்ட நேரத்தில் தந்தி வந்தால், யாருக்கு என்ன ஆயிற்றோ என்று வயிறு கலங்கும். பிரித்துப் பார்த்தால், ஒரு பல் மருத்துவமனை இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை திறந்திருக்கும் என்ற விளம்பரம். வாங்கிய ஒருவர் பொறுக்க முடியாமல் டைம்ஸ் பத்திரிகைக்கு எழுதினார். இவர்களோடு எனக்குக் கொடுக்கல் வாங்கல் எதுவும் இருந்ததில்லை, எந்த உரிமையில் என்னைத் தொந்தரவு செய்கிறார்கள் என்று கேட்டார். அப்புறம் 1978 மே மாதம், இணையத்துக்கு முன்னோடியான ஆர்பாநெட்டில் கேரி துர்க் என்ற கணினி விற்பனை அதிகாரி ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை மின்னஞ்சலில் அனுப்பினார். முதல் ஸ்பேம் என்று இன்று அதைத்தான் சொல்கிறார்கள். தந்தி போய் மின்னஞ்சல் வந்துவிட்டது. "எந்த உரிமையில்?" என்ற கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.

சரி, இது ஏன் நிற்பதில்லை? கணக்கு அப்படி. ஆப்செட் அச்சில் பிளேட் போடும் செலவும் இயந்திரத்தைத் தயார் செய்யும் செலவும் ஒரே தடவைதான். அதனால் ஆயிரம் அடிப்பதைவிடப் பத்தாயிரம் அடித்தால் தாள் ஒன்றுக்கு ஆகும் செலவு வெகுவாகக் குறையும். அச்சகத்தில் போய் நின்றால், "இன்னும் கொஞ்சம் சேர்த்தே அடித்துவிடுங்கள்" என்றுதான் சொல்லத் தோன்றும். ஆயிரம் வீட்டுக்குப் போட்டு ஐந்து பேர் கடைக்கு வந்தால்கூடச் சிலருக்குக் கட்டுப்படியாகிவிடும். மற்ற 995 வீட்டில் அது குப்பை. அந்தக் குப்பையை அள்ளுகிற, சுமக்கிற, கொட்டுகிற செலவு அடித்தவருடைய கணக்குப் புத்தகத்தில் எங்கேயும் ஏறாது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். இங்கே சுண்டைக்காயை விற்பவர் ஒருவர், சுமைகூலி கொடுப்பவர் வேறொருவர்.

தபாலில் வருவதும் இதே கதைதான். மொத்தமாக, ஊர் வாரியாகப் பிரித்துக் கொடுத்தால் அஞ்சல் துறைகள் கட்டணத்தைக் குறைக்கின்றன. அமெரிக்காவில் விளம்பர அஞ்சல் மட்டும் ஆண்டுக்கு 5,000 கோடிக்கும் மேல் போகிறது. சாதாரணக் கடிதங்களும் பில்களும் போகும் முதல் வகுப்பு அஞ்சலைவிட அது அதிகம். கடிதம் கொண்டுபோவதற்கென்று வந்த ஓர் அமைப்பு விளம்பரத்தை முதன்மையாகச் சுமக்கும் நிலைக்கு வந்திருக்கிறது. தபால்காரரின் தோளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது உறுத்தும்.

இந்தத் தாளைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். விரலால் தேய்த்தால் வழுக்குகிறது. வெறும் காகிதம் இப்படி வழுக்காது. மேலே களிமண்ணோ சுண்ணாம்புத் தூளோ பூசி மெருகேற்றியிருக்கிறார்கள். மறுசுழற்சி ஆலையில் இதைக் கரைக்கும்போது அந்தப் பூச்சும் மையும் சேர்ந்து சேறாக ஒதுங்கும். ஆலைக்கு அது இன்னொரு கழிவு. காகித நாரையும் பொதுவாக ஐந்து முதல் ஏழு தடவைதான் மறுபடி பயன்படுத்த முடியும் என்கிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் நார் குட்டையாகிக்கொண்டே போகும். பிளாஸ்டிக் படலம் ஒட்டிய தாள் என்றால் பெரும்பாலான ஆலைகள் தொடவே விரும்பாது. ஆக, "காகிதம்தானே, மக்கிவிடும்" என்று நாம் மனதைத் தேற்றிக்கொள்வதில் பாதிதான் உண்மை.

மழை பெய்த மறுநாள் தெருமுனை வடிகாலைக் குனிந்து பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். இரும்புச் சல்லடையின் மேல் நாலைந்து நோட்டீஸ்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, தண்ணீரின் அழுத்தத்தில் மெழுகுத்துணி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தன. ஓட்டை ஒன்றுகூடத் திறந்திருக்கவில்லை. தூய்மைப் பணியாளர் ஓர் அம்மா நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்தார். துடைப்பத்துக்கு வராது அது. ஈரத்தாள் துடைப்பத்துக்கு அடியில் படுத்துக்கொள்ளும். உதவிக்கு நானும் குனிந்தேன். ஓரத்தைப் பிடித்து இழுத்தால் கையோடு ஒரு துண்டு கிழிந்து வருகிறது, மிச்சம் கம்பியிலேயே இருக்கிறது. ஒரு சல்லடையை முடிக்க எங்கள் இருவருக்கும் கால் மணி நேரம் ஆயிற்று. அந்தத் தெருவில் அப்படி ஒன்பது இருக்கின்றன.

இதற்காக நோட்டீஸ் போடும் பையனைத் திட்டாதீர்கள். கட்டுக்கட்டாகக் கையில் கொடுத்து, இத்தனை தெரு முடித்தால்தான் கூலி என்று அனுப்புகிறார்கள். ஒரே வீட்டு வாசலில் ஐந்து தாள் கிடந்தால், அந்தப் பையனுக்குக் கால் வலித்திருக்கிறது என்று அர்த்தம். கட்டோடு சாக்கடையில் போட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. கேள்வி கேட்க வேண்டியது அச்சடிக்கக் காசு கொடுத்தவரை. அவருடைய தொலைபேசி எண் எப்போதும் அந்தத் தாளிலேயே பெரிய எழுத்தில் இருக்கும்.

பெயர் போட்டு வருவது வேறு ரகம். நம் முகவரி எப்படிக் கைமாறுகிறது என்று தெரிந்துகொள்ள நானே ஒரு சோதனை செய்தேன். ஒரு கடையில் பரிசுக் குலுக்கலுக்கென்று சீட்டு நிரப்பச் சொன்னார்கள். அதில் மட்டும் என் இனிஷியலை மாற்றி எழுதினேன். நாலு மாதம் கழித்து, அந்தக் கடைக்குச் சம்பந்தமே இல்லாத மூன்று நிறுவனங்களிடமிருந்து கடிதம் வந்தது. மூன்றிலும் அந்தத் தப்பான இனிஷியல். குலுக்கலில் எனக்கு எதுவும் விழவில்லை. என் முகவரி மட்டும் கை மாறிவிட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் அம்மா காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. அவர் பெயருக்கு இன்னும் கடிதம் வருகிறது. "உங்களுக்காக மட்டும்" என்று உறையின் மேல் அச்சடித்திருக்கும். முதல் வருடம் அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் வாசலிலேயே நின்றுவிடுவேன். தங்கை ஒரு தடவை உறையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். அனுப்புகிறவர்களிடம் கெட்ட எண்ணம் இல்லை, பட்டியலில் ஒரு வரி, அவ்வளவுதான். ஆனால் அந்த வரியை நீக்கச் சொல்லி நாங்கள் மூன்று தடவை எழுத வேண்டியிருந்தது. மூன்றாவது தடவை இறப்புச் சான்றிதழின் நகலையும் கேட்டார்கள். சேர்க்கும்போது எந்தச் சான்றிதழும் கேட்கவில்லை.

இதற்கெல்லாம் வழியே இல்லையா என்றால், இருக்கிறது. வேறு நாடுகளில் நடந்ததைக் கேளுங்கள். அமெரிக்காவில் சில வகை விளம்பர அஞ்சலை நிறுத்தச் சொல்லும் உரிமையைப் பெறுபவருக்கு ஒரு சட்டம் கொடுத்தது. எங்கள் பேச்சுரிமை போய்விட்டது என்று அனுப்புகிறவர்கள் வழக்குப் போட்டார்கள். 1970-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. விரும்பாதவரின் தபால் பெட்டி வரைக்கும்தான் அனுப்புகிறவரின் உரிமை, அதற்கு மேல் இல்லை என்று தலைமை நீதிபதி வாரன் பர்கர் எழுதினார். ஜெர்மனியில் "விளம்பரம் போடாதீர்கள்" என்று பெட்டியில் ஒட்டியிருந்தால் அதை மீறக் கூடாது என்று 1988-இல் அங்குள்ள கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் சொன்னது. பிரான்சில் 2004-இலிருந்து "ஸ்டாப் பப்", அதாவது விளம்பரம் வேண்டாம் என்ற ஸ்டிக்கர் இருக்கிறது. 2021-இலிருந்து நிறுத்தியிருக்கும் வண்டிகளில் விளம்பரத் தாள் வைப்பதையே அங்கே தடை செய்துவிட்டார்கள்.

இவையெல்லாம் நல்லவைதான். ஆனால் ஸ்டிக்கர் ஒட்டாத வீடு சம்மதித்த வீடு என்றே ஆகிறது. வயதானவர், எழுதப் படிக்கத் தெரியாதவர், புதிதாகக் குடி வந்தவர், இவர்கள் வாயைத் திறக்காததை "சரி" என்று எடுத்துக்கொள்கிறார்கள். மௌனம் சம்மதம் என்ற பழக்கத்தை ஆம்ஸ்டர்டாம் நகரம்தான் தலைகீழாகத் திருப்பியது. 2018 ஜனவரி முதல், விளம்பரம் வேண்டும் என்று ஸ்டிக்கர் ஒட்டியவர் பெட்டியில் மட்டுமே போடலாம். ஒன்றும் ஒட்டாத பெட்டி என்றால் போடக் கூடாது. அச்சகத்தாரும் விநியோகக்காரர்களும் நீதிமன்றம் போனார்கள். 2021-இல் நெதர்லாந்தின் உச்ச நீதிமன்றம் நகரத்தின் பக்கம் நின்றது. 2022-இல் பிரான்சும் சில பகுதிகளில் இதே முறையைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கியது. நான் கேட்பது இதைத்தான். வேண்டும் என்பவர் சொல்லட்டும், வாங்கிக்கொள்ளட்டும். தள்ளுபடித் தாளைப் பார்த்துச் சிக்கனமாகக் குடும்பம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. அவர்களுக்கு அந்தத் தாள் போகட்டும்.

சட்டம் வரும் வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. பெட்டியில் ஒரு வரி எழுதி ஒட்டுங்கள். "நோட்டீஸ் வேண்டாம்" என்பதைவிட, "பெயரில்லாத தாள் எதுவும் போட வேண்டாம்" என்று எழுதுவது மேல். எது கூடாது என்று போடுகிறவருக்குச் சந்தேகம் இருக்காது. நான் ஒட்டிய பிறகு சுத்தமாக நிற்கவில்லை, ஆனால் நன்றாகக் குறைந்தது. பெயர் போட்டு வருவதற்கு, அனுப்பிய நிறுவனத்துக்கே எழுதுங்கள். "என் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்குங்கள், எங்கிருந்து வாங்கினீர்கள் என்றும் சொல்லுங்கள்" என்று இரண்டு வரி போதும். தேதி போட்டு நகல் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது தடவை எழுதும்போது அந்த நகல் உதவும். உறையில் "வேண்டாம்" என்று எழுதித் திருப்பி அனுப்பினால் அவர்களுக்கு உறைக்கும் என்று நானும் நினைத்திருந்தேன். ஆனால் சலுகைக் கட்டணத்தில் வரும் மொத்த அஞ்சல் பெரும்பாலும் அனுப்பியவரிடம் போகாது. அஞ்சலகத்திலேயே குப்பையாகிவிடும். பெயரும் கணக்கு விவரமும் உள்ள பகுதியைக் கிழித்துவிட்டு மற்றதைப் பழைய பேப்பரோடு போடுங்கள். கடன் தருகிறோம் என்று வரும் படிவங்களை முழுசாக எறியாதீர்கள், வேறு யாராவது நிரப்பிவிடலாம். ஜன்னல் உறையின் பிளாஸ்டிக்கைப் பிய்த்துவிடுங்கள். கொளுத்தாதீர்கள்.

வெளியூர் போகும்போது பக்கத்து வீட்டாரிடம் சொல்லி வாசலில் விழுவதை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கேட்டில் பத்து நோட்டீஸ் தொங்கினால், வீட்டில் ஆள் இல்லை என்று ஊருக்கே பறைசாற்றுகிற மாதிரி.

கடை வைத்திருப்பவர்களும் இந்த அவையில் இருப்பீர்கள். உங்களிடம் உரிமையோடு ஒன்று கேட்கிறேன். அடுத்த தடவை அச்சடிக்கும்போது பாதி அடியுங்கள். கல்லா மேசையில் வைத்து, எடுத்துக்கொள்கிறவர் எடுக்கட்டும் என்று விடுங்கள். கேட்டு வாங்கிப் போன தாளை ஜனங்கள் வீடு வரை கொண்டுபோவார்கள். தெருவில் போடமாட்டார்கள்.

நான் உள்ளே வரும்போது வெளியே இரண்டு பேர், நிறுத்தியிருக்கும் உங்கள் வண்டிகளில் நோட்டீஸ் செருகிக்கொண்டிருந்தார்கள். இந்நேரம் எல்லா வண்டியிலும் இருக்கும். போகும்போது எடுத்துத் தரையில் போட்டுவிடாதீர்கள். கதவுக்குப் பக்கத்தில் ஓர் அட்டைப்பெட்டி வைத்திருக்கிறோம், அதில் போடுங்கள். நாளைக் காலையில் அவற்றை எண்ணி, அதில் இருக்கும் எண்ணுக்கு நானே அழைத்து, இத்தனை தாள் இங்கே இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்கிறேன்.