கவலை எறைக்கிற சீன் எடுக்கறீங்களா? மொதல்ல இதைப் பாருங்க

வணக்கமுங்க. பழைய கொங்கு நாவலைப் படமோ சீரிஸோ எடுக்கோணும்னா, கோபி, பொள்ளாச்சின்னு பச்சையா இருக்கிற பக்கமா வண்டியை உட்டுடறாங்க. தப்பு அங்கயே ஆரம்பிச்சுருது. 1942ல வந்த ஆர். சண்முகசுந்தரத்தோட ‘நாகம்மாளை’யே எடுத்துக்கங்க. பங்கு பிரிக்கச் சொல்லி வர்ற சண்டைதான் கதை. பின்னாடி தென்னந்தோப்பையும் வாய்க்கால் நெறையத் தண்ணியையும் காட்டுனா, இத்தனை செழிப்புல எதுக்கு அடிச்சுக்கறாங்கன்னுதான் தோணும். கீழ்பவானி வாய்க்கால் வந்ததே அம்பதுகள்லதானுங்க. காலிங்கராயன் வாய்க்கால் பழசு, சரி, ஆனா அது ஆத்தோர ஊருக்கு. மேட்டுக்காட்டுக்காரனுக்குக் கெணறும் மழையும்தான்.

அதனால கவலையை, அதாவது மாடு கட்டிக் கெணத்துத் தண்ணி எறைக்கிறதை, சரியா எடுக்கோணும். கயிறு ரெண்டு. சால்ங்கறது தண்ணி மொள்ற பெரிய ஏனம்; அதைத் தூக்கற வடக்கயிறு மேல் உருளை மேல ஓடும். சாலுக்கு அடியில தும்பிங்கற தோல் குழாய் இருக்கும், அதோட நுனியில கட்டுன மெல்லிசு வால்கயிறு கெணத்து வாய் ஓரத்துல இருக்கிற கீழ் உருளை மேல ஓடும். ரெண்டுமே நுகத்தடிக்குத்தான் போகுது. சால் மேல வர்றப்போ தும்பி மடங்கி, நுனி சாலோட வாய் மட்டத்துக்கு நிக்கோணும். வால்கயிறு நீளமாப் போச்சுன்னா நுனி தொங்கி, பாதித் தண்ணி கெணத்துக்குள்ளயே ஒழுகிரும். மேல வந்ததும் தும்பி தொட்டிப் பக்கம் நீண்டுக்கும், சால் இன்னும் கொஞ்சம் ஏறும், தண்ணி தானாக் கொட்டும். ஆள் நின்னு சாலைக் கவுத்தற மாதிரி எடுக்காதீங்க, அந்த வேலையே அதுல இல்லை.

வெறுஞ்சாலை இழுக்க உட்டா உடனே தெரிஞ்சுரும். தண்ணியோட நூறு கிலோவுக்கு மேல கனம். வடம் வெடைச்சு நிக்கும், மாடு தலையைத் தாழ்த்தி சரிவுல எறங்கும், ஓட்டறவர் கயிறு மேல உக்காந்து தன் கனத்தையும் குடுப்பார். மாடு மறுபடி மேல ஏறறது திரும்பாம, பின்னோக்கியே நடந்து. அதுக்குப் பழகாத சோடியைக் கொண்டாந்தீங்கன்னா நாள் முழுக்க ஒரு ஷாட் தேறாது.

மாடுன்னதும் காங்கேயம்னு கேட்டு வாங்கறாங்க, நல்லது. ஆனா திமிலும் கழுத்தும் கருத்திருக்கிற பூச்சிக்காளையை, அதாவது காயடிக்காத பொலிகாளையை, புடிச்சு ஏர்ல கட்டிருவாங்க, பார்வைக்கு எடுப்பா இருக்குதுன்னு. உழவுக்கும் கவலைக்கும் காயடிச்ச எருதுங்க. காயடிச்சா அந்தக் கருமை மங்கி மயிலையாயிரும், சாம்பல் நெறமா. திமில் இல்லாத கலப்பின மாடு தூரத்து ஷாட்லகூட வேண்டாம்.

பயிருக்கு வந்தா, சோளக்காடுன்னு மக்காச்சோளத்தைக் காட்டறதுதான் பெரிய கூத்து. நாட்டுச் சோளத்துக்குக் கதிர் உச்சியில. மக்காச்சோளத்துக்கு உச்சியில வெறும் பூதான், கதிர் தண்டோட பக்கத்துல. இன்னைக்குப் பல்லடம், உடுமலைப் பக்கம் கோழித் தீவனத்துக்குப் போடறது அது. வேண்டிய கதிர் வேணும்னா ஷூட்டிங்குக்கு நாலு மாசம் முன்னாடியே ஒரு ஏக்கர் நாட்டுச் சோளம் வெதைக்கச் சொல்லிருங்க. கடையில வாங்கற சாமானில்லை பாருங்க.

கடைசியா பார்த்தீனியம்ங்கற களைச்செடி. வெள்ளைப் பூ அழகா இருக்குதுன்னு கேமராமேன் அதை முன்னாடி வெச்சுருவார். நம்ம நாட்டுல அது பரவுனது 1955க்கு அப்பறம். வரப்பைச் சுத்தம் பண்றவங்களுக்குக் கையுறை குடுங்க, வெறுங்கையில புடுங்குனா அரிப்பெடுத்துரும். பூக்கறதுக்கு முன்னாடி வேரோட எடுத்துட்டா இன்னும் நல்லது.