நடந்தா போதுமா, ஓடணுமா?

வணக்கம் நேயர்களே. நாப்பது வயசு தாண்டி, வெயிட் ஏறி, தொப்பை விழுந்து என்கிட்ட வர்றவங்கள்ல நிறைய பேர் கேக்குறது இதுதான், டாக்டர் நடந்தா போதுமா இல்ல ஓடினாதான் ஹார்ட்டுக்கு நல்லதான்னு. ஓட முடியலன்னு தெரிஞ்சதும் நடக்குறதையும் சேத்து விட்டுடுறாங்க, அதப் பாக்கும்போதுதான் எனக்கு மனசு ரொம்பக் கஷ்டமா இருக்கும்.

இதுக்குன்னே அமெரிக்காவுல நார்த் கரோலினா டியூக் யுனிவர்சிட்டில ஒரு ஆராய்ச்சி நடந்துச்சு, ஸ்ட்ரைட்னு பேரு, டாக்டர் வில்லியம் க்ரௌஸ் டீம் பண்ணது, 2002ல முக்கியமான ரிசல்ட் வந்துச்சு. சேந்தவங்க எல்லாரும் 40லேர்ந்து 65 வயசுக்குள்ள, வெயிட் அதிகம், கொலஸ்ட்ரால் சரியில்ல, உடற்பயிற்சிப் பழக்கமே கிடையாது. ஒரு குரூப்புக்கு வாரத்துக்கு சுமார் 19 கிலோமீட்டர் வேக நடைக்குச் சமமான பயிற்சி, இன்னொரு குரூப்புக்கு அதே தூரம் ஆனா ஜாகிங் வேகத்துல, மூணாவது குரூப்புக்கு 32 கிலோமீட்டர் ஜாகிங். நாலாவது குரூப் சும்மா இருந்தாங்க. டயட் பண்ணி வெயிட்டக் குறைக்க வேணாம்னும் சொல்லிட்டாங்க, பயிற்சியோட பலன் மட்டும் தனியா தெரியணும்ல.

நல்ல கொலஸ்ட்ரால்னு சொல்ற எச்டிஎல் நல்லா ஏறினது 32 கிலோமீட்டர் ஓடினவங்களுக்குத்தான், அத மறைக்க வேணாம். கெட்ட கொலஸ்ட்ரால்னு சொல்ற எல்டிஎல் மொத்த அளவு பெருசா குறையல, ஆனா அதுல சின்னச் சின்ன துகள்கள் குறைஞ்சுது, ரத்தக்குழாய்க்கு ஆபத்துன்னு சொல்றது அந்தத் துகள்களத்தான். வேகத்த விட மொத்தமா எவ்வளவு செஞ்சாங்கங்கறதுதான் இதுல முக்கியமா இருந்துச்சு.

இப்ப நடந்தவங்கள பாருங்க. ஸ்டாமினா அவங்களுக்கும் கூடுச்சு, ரத்தத்துல இருக்குற ட்ரைகிளிசரைடுங்கற கொழுப்பும் நல்லா குறைஞ்சுது, அதுவும் பயிற்சிய நிறுத்தி ரெண்டு வாரம் ஆகியும் அந்தப் பலன் அப்படியே நின்னுச்சு, ஓடினவங்களுக்கு அப்படி நிக்கல. நடந்தவங்க செலவு பண்ணது வாரத்துக்கு கிட்டத்தட்ட 3 மணி நேரம், அவ்வளவுதான்.

என்னை ரொம்ப பாதிச்சது அந்தச் சும்மா இருந்த குரூப்தான். ஆறே மாசத்துல வயித்துக்குள்ள உறுப்புகளச் சுத்தி இருக்குற கொழுப்பு அவங்களுக்கு 8.6 சதவீதம் ஏறிடுச்சு, ஒண்ணும் பண்ணாம இருந்ததுக்கே. 19 கிலோமீட்டர் நடந்தவங்களுக்கு அது ஏறாம நின்னுச்சு, 32 ஓடினவங்களுக்குக் குறைஞ்சுது.

சரி, எவ்வளவு வேகம்னா, நடக்கும்போது பக்கத்துல வர்றவங்ககூட பேச முடியணும், ஆனா பாட்டு பாட முடியக்கூடாது, அதான் அளவு. பிபிக்கு பீட்டா பிளாக்கர் மாத்திர போடுறவங்க பல்ஸ வச்சுக் கணக்குப் போடாதீங்க, அந்த மாத்திரையே துடிப்பக் குறைச்சிடும், இந்தப் பேச்சுக் கணக்குதான் உங்களுக்கு நம்பிக்கையானது. மொத வாரமே 3 மணி நேரம் வேணாம், டியூக்லயே ரெண்டு மூணு மாசம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக்கிட்டுதான் முழு அளவுக்குப் போனாங்க. பல வருஷம் உக்காந்தே இருந்துட்டு ஒரு நாள் திடீர்னு மூச்சு வாங்க ஓடுறது உண்மையாவே ஆபத்து. சுகர், பிபி இருந்தா ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி உங்க டாக்டரப் பாத்துடுங்க, நடக்கும்போது நெஞ்சு இறுக்குனாலோ வலி தாடைக்கோ இடது கைக்கோ போனாலோ வீடு வரைக்கும் போயிடலாம்னு நினைக்காதீங்க, அங்கயே உக்காந்து 108க்கு போன் பண்ணுங்க.