முதலில் குறைய வேண்டியது செலவு

நடுவர் அவர்களே, எங்கள் அணித் தோழர்களே, எதிரணி நண்பர்களே, வார இறுதியில் மைதானத்தை விட்டுவிட்டு இங்கே வந்திருக்கும் பெற்றோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

'அமெரிக்காவில் பிள்ளைகளின் போட்டிச் சாக்கர் (கால்பந்து) எல்லாக் குடும்பங்களுக்கும் எட்ட வேண்டுமானால் தேவை உதவித்தொகையா, செலவுக் குறைப்பா?' இதுதான் தலைப்பு. செலவுக் குறைப்பே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் மூன்று சொன்னார். உதவித்தொகை நிதியைப் பெருக்கினால் போதும் என்றார். செலவைக் குறைத்தால் ஆட்டத்தின் தரம் கெடும் என்றார். பிள்ளைகளை வளர்த்துவிட்டால் தொழில்முறை கிளப்புகளிடமிருந்து பணம் வரும் என்றார். மூன்றுக்கும் பதில் இருக்கிறது. அதற்கு முன் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

ஆஸ்பென் இன்ஸ்டிடியூட் என்ற ஆய்வு நிறுவனத்தின் ப்ராஜெக்ட் ப்ளே திட்டம் நடத்திய கணக்கெடுப்பின்படி, ஒரு பிள்ளையின் முதன்மை விளையாட்டுக்கு ஒரு குடும்பம் செலவழித்த சராசரித் தொகை 2024-இல் 1,016 டாலர். 2019-ஐ விட 46 சதவீதம் அதிகம். பள்ளி அணியில் ஆடும் பிள்ளை, பூங்காவில் பொழுதுபோக்காக ஆடும் பிள்ளை எல்லோரையும் சேர்த்த சராசரி அது. போட்டிக் கிளப்பில் ஆடும் பிள்ளையின் செலவு எங்கேயோ போய்விடும். எப்படி என்று காட்ட 16 பேர் கொண்ட ஓர் அணியை எடுத்துக்கொள்கிறேன். எண்கள் உதாரணத்துக்கு. வீட்டுக்குப் போய் உங்கள் கிளப்பின் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

கிளப் கட்டணம் ஆண்டுக்கு 2,400 டாலர். யூனிஃபார்ம் 350. வெளியூர் டோர்னமென்ட் நான்கு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு இரவு ஹோட்டல், பெட்ரோல், சாப்பாடு என்று குடும்பத்துக்கு 540, நான்குக்கும் 2,160. அணி கட்டும் நுழைவுக் கட்டணம் டோர்னமென்ட்டுக்கு 1,000. நான்குக்கு 4,000, தலைக்கு 250. கோச்சின் பயணச் செலவு ஒவ்வொரு முறையும் 400. தலைக்கு மொத்தம் 100. கூட்டினால் 5,260 டாலர். அணிக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் ட்ரைஅவுட்டின் அறிவிப்பில் பெற்றோர் பார்ப்பது 2,400 மட்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் ஊரில் சொல்வார்களே, அந்தக் கதைதான்.

இப்போது எதிரணி நண்பரின் உதவித்தொகை வருகிறது. கிளப் பெரிய மனதோடு 50 சதவீதம் தருகிறது. எதில் 50? கிளப் கட்டணத்தில். அதாவது 1,200 டாலர். மொத்தச் செலவில் அது 23 சதவீதம்கூட இல்லை. மீதி 4,060 டாலரை அந்தக் குடும்பம்தான் கட்ட வேண்டும். செப்டம்பரில் உதவித்தொகையோடு சேர்ந்த பிள்ளை நவம்பரில் வெளியூர் டோர்னமென்ட்டுக்கு வர முடியாமல் நிற்கிறது. டோர்னமென்ட்டுக்கு வராத பிள்ளைக்கு ஆடும் நேரம் குறைகிறது. அடுத்த ட்ரைஅவுட்டில் இடம் போகிறது. 'உதவி கொடுத்தோம், அவர்கள்தான் நிலைக்கவில்லை' என்று கிளப் குறிப்பு எழுதுகிறது. நடுவர் அவர்களே, பாதிப் பாலம் கட்டி ஆற்றின் நடுவில் ஒரு குழந்தையை நிறுத்துவது உதவி ஆகாது.

அதே அணியில் வேறு மாதிரி செய்து பாருங்கள். நான்கு வெளியூர் டோர்னமென்ட்டில் ஒன்றை மட்டும் வையுங்கள். ஒரு மணி நேரத் தொலைவில் நடக்கும் இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கு ஹோட்டல் வேண்டாம், பெட்ரோல் தலா 40 போதும், கோச்சுக்கும் பயணச் செலவு இல்லை. நான்காவது வேண்டாம். பயணத்தில் 1,540, நுழைவுக் கட்டணத்தில் 62, கோச் செலவில் 75 என்று குடும்பத்துக்கு 1,677 டாலர் மிச்சம். அந்த உதவித்தொகையை விட இது பெரிது. விண்ணப்பம் இல்லை, வருமானச் சான்று இல்லை, 16 குடும்பங்களுக்கும் கிடைக்கிறது. உதவித்தொகையோ மூன்று பேருக்குக் கொடுத்தால் 3,600. அது மற்ற 13 குடும்பங்களின் கட்டணத்தில் தலைக்கு 277 ஏறி நிற்கும். அந்த 277 தாங்காமல் தடுமாறும் நடுத்தரக் குடும்பத்தை யாரும் கேட்பதில்லை. ஏனென்றால் அவர்கள் உதவிக்குத் தகுதி இல்லாதவர்கள்.

எதிரணி நண்பர் நிதியைப் பெருக்கலாம் என்றார். பணம் போதாமை ஒரு குறைதான். அதைவிட மோசமானது அது போய்ச் சேரும் வழி. ட்ரைஅவுட் முடிந்ததும் வரும் மின்னஞ்சலை நினைத்துப் பாருங்கள். 'உங்கள் பிள்ளைக்கு இடம் உண்டு, 48 மணி நேரத்துக்குள் முன்பணம் கட்டுங்கள், திரும்பக் கிடைக்காது.' பல கிளப்புகளில் உதவித்தொகைக் குழு கூடுவது அதற்குச் சில வாரங்கள் கழித்து. கிடைக்குமா என்று தெரியாத பணத்தை நம்பி, திரும்ப வராத பணத்தை எந்த ஏழைத் தாய் கட்டுவாள்? அவள் விண்ணப்பமே போடுவதில்லை. குழு அதைப் பார்த்து 'இந்த ஆண்டு தேவை குறைவு' என்கிறது.

சான்று கேட்பதிலும் சிக்கல். பள்ளியில் இலவச மதிய உணவு கிடைக்கும் கடிதம் கொண்டுவா என்பார்கள். வறுமைக் கோட்டின் 130 சதவீதம் வரை வருமானம் இருந்தால் இலவசம், 185 சதவீதம் வரை சலுகை விலை என்பது அந்தத் திட்டம். ஆனால் ஏழைகள் அதிகமுள்ள பள்ளிகள் தனித்தனியாக விண்ணப்பம் வாங்காமல் எல்லாப் பிள்ளைகளுக்குமே இலவச உணவு தர இன்னோர் ஏற்பாடு உண்டு. 2023-இல் அரசு உதவி பெறும் பிள்ளைகள் குறைந்தது இத்தனை பேர் இருக்க வேண்டும் என்ற தகுதியை 40 சதவீதத்திலிருந்து 25 ஆகக் குறைத்தார்கள். நல்ல காரியம். ஆனால் அந்தப் பள்ளிகளில் தனி விண்ணப்பமே இல்லாததால் தனிக் கடிதமும் இல்லை. வறுமை மிகுந்த பள்ளியின் பிள்ளைக்கே வறுமைச் சான்று கிடைக்காமல் போகிறது. வரிப் படிவம் கேட்டால், கையில் காசாகக் கூலி வாங்குபவரிடம் என்ன இருக்கும்? அந்த விண்ணப்பத்தைப் படிப்பவரோ, பக்கத்து நாற்காலியில் அமர்ந்து ஆட்டம் பார்க்கும் இன்னொரு பிள்ளையின் அப்பா. இதில் மானம் என்று ஒன்று இருக்கிறது, நடுவர் அவர்களே.

நிதி திரட்டுவதற்கும் ஒரு வேலி உண்டு. பெரும்பாலான கிளப்புகள் 501(சி)(3) என்ற லாப நோக்கமற்ற அமைப்புகள். யார் எவ்வளவு திரட்டினார்களோ அதை அவரவர் பிள்ளையின் கட்டணத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். கேபிடல் ஜிம்னாஸ்டிக்ஸ் பெற்றோர் சங்கம் அப்படித்தான் புள்ளி போட்டுக் கழித்தது. பொது நிதி தனியார் லாபத்துக்குப் போனதாகச் சொல்லி வரி நீதிமன்றம் 2013-இல் அதற்கு எதிராகத் தீர்ப்பளித்தது, வரிவிலக்கு போனது. திரட்டும் பணம் பொதுப் பெட்டிக்குத்தான் போக வேண்டும். பொதுப் பெட்டியில் போட்டுச் செய்யக்கூடிய மிகச் சிறந்த காரியம் எல்லோருடைய செலவையும் குறைப்பதுதான். சட்டமே எங்கள் அணியில் நிற்கிறது.

இரண்டாவது வாதம், தரம். பயணம் போகாவிட்டால் பிள்ளை வளராது என்கிறார்கள். நார்வேயில் சிறார் விளையாட்டுக்கென்றே 1987 முதல் விதிகள் இருக்கின்றன. 13 வயது ஆகும் ஆண்டுக்கு முன் எந்தப் பிள்ளையும் தேசிய சாம்பியன்ஷிப்பில் ஆட முடியாது. சிறு வயதில் ஆட்டமெல்லாம் உள்ளூரில்தான். ப்ரைன என்ற சிற்றூரின் கிளப்பில் அப்படி வளர்ந்தவர்தான் எர்லிங் ஹாலண்ட். அவருக்கு என்ன தரம் குறைந்தது?

கல்லூரிப் பயிற்சியாளர்கள் பார்க்க வேண்டாமா என்று கேட்பார்கள். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் முதல் பிரிவில், பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15-க்கு முன் சேர்க்கை பற்றிப் பிள்ளையிடம் பேசவே பயிற்சியாளருக்கு விதி இடம் தருவதில்லை. 11 வயதுப் பிள்ளையை விமானத்தில் ஏற்றிக்கொண்டு போய் யாருக்குக் காட்டுகிறோம்? கிடைக்கும் பரிசுதான் எவ்வளவு? 2024-25 வரை ஆண்கள் சாக்கர் அணி ஒன்றுக்கு 9.9 முழு உதவித்தொகைதான் அனுமதி, பெண்களுக்கு 14. அதைத்தான் இருபதுக்கு மேற்பட்ட ஆட்டக்காரர்களுக்குப் பிய்த்துப் பங்கு போட்டார்கள். இப்போது விதி மாறி, புதிய ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளில் 28 பேர் என்ற அணி அளவுதான் வரம்பு. ஆனால் கொடுத்தே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. மூன்றாம் பிரிவில் விளையாட்டு உதவித்தொகையே கிடையாது.

மூன்றாவது, தொழில்முறை கிளப்பிலிருந்து வரும் பணம். ஃபிஃபா விதி உண்மை. ஒப்பந்தம் முடியுமுன் ஓர் ஆட்டக்காரர் வேறு கிளப்புக்கு விற்கப்பட்டால், அந்தத் தொகையில் 5 சதவீதம் 12 முதல் 23 வயது வரை அவரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரியும். இங்குள்ள தொழில்முறை லீக்கான எம்எல்எஸ் தன் பங்கைக் கேட்கத் தொடங்கப்போவதாக அறிவித்தது 2019-இல்தான். ஆனால் 12 முதல் 15 வயது வரையிலான ஒவ்வொரு பருவத்துக்கும் கிடைப்பது மொத்தத் தொகையில் கால் சதவீதம். 10 லட்சம் டாலருக்கு ஒருவர் விற்கப்பட்டால், நான்கு பருவம் வளர்த்த கிளப்புக்கு வருவது 10,000 டாலர். அப்படி விற்கப்படும் பிள்ளை ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை. இதை நம்பி யாரும் ஆண்டு பட்ஜெட் போட முடியாது.

அப்படியானால் எதைக் குறைப்பது? கோச்சின் சம்பளத்தில் கை வைக்காதீர்கள். அது ஒன்றுதான் பிள்ளையின் காலுக்கு நேராகப் போய்ச் சேரும் பணம். மைதானத்தைப் பாருங்கள். 10 வயதுக்குட்பட்டவர்கள் ஏழுக்கு ஏழு ஆடும் களம் சுமார் 60 கெஜ நீளம், 40 கெஜ அகலம். ஒரு முழு மைதானத்தில் குறுக்காக இரண்டு களம் போடலாம். பயிற்சிக்கு நான்கு அணிகள் பங்கு போடலாம். வாடகை நான்கில் ஒன்று. பள்ளி மைதானம் கேட்கப் போகும்போது காப்பீட்டுச் சான்றிதழில் அந்தப் பள்ளி வட்டாரத்தின் பெயரையும் சேர்த்து வாங்கிப் போங்கள். மாநிலச் சங்கத்திடம் கேட்டால் கிடைக்கும். அது இல்லாமல் போய்த்தான் பலர் வெறுங்கையோடு திரும்புகிறார்கள்.

யூனிஃபார்ம் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை மாறினால் போதும். முதுகில் பெயர் அச்சடிக்காதீர்கள். பெயர் இல்லாத ஜெர்சி அடுத்த பிள்ளைக்குப் போகும். எண்ணை அணி அளவில் இல்லாமல் கிளப் அளவில் ஒதுக்குங்கள். இல்லாவிட்டால் பிள்ளை அணி மாறும்போது அதே எண் அங்கே ஏற்கெனவே இருக்கும், புது ஜெர்சி வாங்க நேரும். பை, பயிற்சிச் சட்டை, குளிர் உடுப்பு எல்லாம் விருப்பப்பட்டால் மட்டும். வளரும் காலுக்கு ஏற்ற ஷூவைப் பருவம் தொடங்குமுன் ஒரு நாள் எல்லோரும் கொண்டுவந்து மாற்றிக்கொள்ளலாம்.

டோர்னமென்ட்டில் ஹோட்டல் விதியைக் கட்டாயம் படியுங்கள். நடத்துபவர்கள் சொல்லும் ஏற்பாட்டின் வழியாகத்தான் அறை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அணிக்கு இடமில்லை என்று பல இடங்களில் நிபந்தனை வைக்கிறார்கள். உறவினர் வீட்டில் தங்கவோ மலிவான அறை தேடவோ முடியாது. அப்படிப்பட்ட டோர்னமென்ட்டைத் தவிர்த்தாலே பாதி பாரம் இறங்கும்.

பிள்ளையை மைதானத்துக்குக் கொண்டுவருவது காசுக்கு வெளியே இருக்கும் செலவு. மாலை ஐந்தரைக்குப் பயிற்சி என்றால் இரண்டு ஷிப்ட் பார்க்கும் பெற்றோர் எப்படி வருவார்? காரைப் பகிர்ந்துகொள்ள ஒரு பட்டியலைக் கிளப்பே போட வேண்டும். கோச் ஒரே ஒரு பிள்ளையைத் தனியாக ஏற்றிச் செல்லக் கூடாது என்பதும், பிள்ளைகளை ஏற்றிச் செல்லவே பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும் என்பதும், விளையாட்டில் பிள்ளைகளின் பாதுகாப்புக்கான சேஃப்ஸ்போர்ட் விதி. ஒப்புதல் தாளைப் பருவத் தொடக்கத்திலேயே வாங்கி வையுங்கள்.

இவ்வளவும் குறைத்த பிறகும் கட்ட முடியாத குடும்பம் இருக்கும். அவர்களுக்கு உதவித்தொகை கட்டாயம் வேண்டும். நாங்கள் அதை மறுக்கவில்லை. அதை ட்ரைஅவுட்டுக்கு முன்பே முடிவு செய்யுங்கள். உணவு உதவி அட்டையோ, ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்ட் கடிதமோ போதும் என்று வையுங்கள். அணியில் பிள்ளை இல்லாத ஒருவர் விண்ணப்பத்தைப் பார்க்கட்டும். கட்டணத்தோடு யூனிஃபார்மும் டோர்னமென்ட் செலவும் அதில் அடங்கட்டும். மொத்தச் செலவு இறங்கியிருந்தால் அதே நிதி இன்னும் அதிகப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும்.

பெற்றோர்களே, கிளப் ஆண்டுதோறும் வரித்துறைக்குக் கொடுக்கும் படிவம் 990 பொது ஆவணம். கடைசி மூன்று ஆண்டுகளின் பிரதியைக் கேட்டால் கொடுத்தாக வேண்டும். வாங்கிப் படியுங்கள். பிறகு ட்ரைஅவுட்டுக்கு முன்பே ஒரே தாளில் முழுச் செலவையும் கேளுங்கள்: கட்டணம், யூனிஃபார்ம், எத்தனை டோர்னமென்ட், எத்தனை இரவு. இதைப் பருவ அட்டவணை போடும் முன்பே கேட்க வேண்டும். டோர்னமென்ட் நுழைவுக் கட்டணம் கட்டிய பிறகு பெரும்பாலும் திரும்பி வராது.

நடுவர் அவர்களே, மணி அடித்துவிட்டது. நன்றி, வணக்கம்.